கடனான நோன்பும் விருப்பான நோன்பும்



றமழான் மாதம் விடைபெற்று, நோன்புப் பெருநாளும் கழிந்த மறுநாள் தொடக்கம் நம் முஸ்லிம் ஊர்களிலே ஒரு வினா எழுவது வழக்கம். "ஆறு நோன்பு பிடிக்கின்றீர்களா?" என்பதே அவ்வினா. ஷவ்வால் மாதத்திலே நோற்கப்படும் அந்த ஆறு நோன்புகளும் மிகுந்த சிறப்புடையன. அவற்றைப் பற்றி உசாவுவதும், ஒருவரையொருவர் ஊக்குவதும் நன்றே. ஆயின், அதே வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாத வேறொரு வினாவும் உண்டு. "தவறிப்போன பர்ழான நோன்புகள் எத்தனை? அவற்றை எப்பொழுது நிறைவேற்றப் போகின்றோம்?" என்பது அது. கேட்கப்படாத இவ்வினாவைப் பற்றியும், கேட்கப்படும் வினாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், றமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது. அக்கடமையை விதித்த திருமறை, அதே இடத்திலேயே சலுகையையும் சேர்த்து விதித்தது என்பது கருதத்தக்கது. ஸூறத்துல் பகறாவின் 184ஆம் 185ஆம் வசனங்களின்படி, நோயாளியும் வழிப்போக்கரும் அந்நாட்களில் நோன்பை விட்டுவிடலாம். விட்ட நாட்களின் எண்ணிக்கையை வேறு நாட்களில் நிறைவு செய்தல் வேண்டும். இறைவன் மனிதருக்கு எளிமையையே நாடுகின்றான், கடினத்தை நாடுவதில்லை என்னும் கருத்தும் அவ்விடத்திலேயே கூறப்படுகின்றது. ஆகவே, தக்க காரணத்தால் நோன்பை விட்டவர் குற்றவாளி ஆகார். அவர் கடனாளி ஆகின்றார். குற்றத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளல் நலம். குற்றம் செய்தவன் நாணித் தலைகுனிகின்றான். கடன்பட்டவனோ கணக்கெழுதித் தவணைப்படி இறுத்துத் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

இவ்வாறு பின்னர் நிறைவேற்றப்படும் நோன்பையே கழா நோன்பு என்கின்றோம். நோன்பு நோற்கும் வலிமை இனி மீளாது என்னும் நிலையிலுள்ள முதியோருக்கும், தீராத பிணியுடையோருக்கும் கழா இல்லை. அவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவைக் கொடுத்தால் போதும். நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றால் வருந்துவோர், தம் நிலை தற்காலிகமானதா நிலையானதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, பின்னர் ஆலிம் ஒருவரிடம் தீர்ப்புக் கேட்டல் பொருத்தமாகும். உடலைக் கெடுத்துக்கொண்டு நோன்பு நோற்குமாறு ஷரீஅத்து எவரையும் பணிக்கவில்லை.

இனி, கழா நோன்பு பெரும்பாலும் எவர் தலையில் விழுகின்றது என்பதை நோக்குவோம். மாதவிடாய்க் காலத்திலும் பிள்ளைப்பேற்றின் பின் உதிரப்போக்குள்ள நாட்களிலும் பெண்கள் தொழுவதுமில்லை, நோன்பு நோற்பதுமில்லை. முஆதா என்னும் பெண்மணி அன்னை ஆயிஷா நாயகி (ரழி) அவர்களிடம், விடுபட்ட தொழுகையைக் கழாச் செய்யாதிருக்க, நோன்பை மட்டும் கழாச் செய்வது ஏன் என்று வினவினார். நபி பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலே நோன்பைக் கழாச் செய்யுமாறே நாங்கள் ஏவப்பட்டோம், தொழுகையைக் கழாச் செய்யுமாறு ஏவப்படவில்லை என்னும் கருத்துப்பட அன்னையவர்கள் விடையிறுத்தார்கள். அறிஞர்கள் இதற்குரிய நுட்பத்தையும் விளக்கியுள்ளனர். தொழுகை நாள்தோறும் ஐந்து வேளை வருவது. அதனை மீட்டித் தொழுவது பெருஞ்சுமையாகிவிடும். நோன்போ ஆண்டுக்கு ஒரு மாதமே வருவது. அதனைப் பிற நாட்களிலே நிறைவு செய்தல் இயலும்.

இயலுந்தான். எனினும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு றமழானிலும் 6 நோன்புகள் தவறுவதாக வைத்துக்கொள்வோம். பருவமெய்திய நாளிலிருந்து 35 ஆண்டுகளில் அவை 210 நோன்புகள் ஆகின்றன. அஃதாவது ஏழு றமழான் மாதங்களுக்கு ஈடான நோன்பு. இவற்றோடு கருவுற்ற காலத்திலும் பாலூட்டுங் காலத்திலும் விடுபட்டனவற்றையும் கூட்டினால் தொகை இன்னும் பெருகும். கருவுற்றவளோ பாலூட்டுபவளோ தன்னுடல் நலத்துக்கு அஞ்சி நோன்பை விட்டால் கழா மட்டும் போதும் என்பதும், பிள்ளையின் நலத்துக்கு மட்டும் அஞ்சி விட்டால் கழாவுடன் பித்யாவும் கொடுத்தல் வேண்டும் என்பதும் ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனபி மத்ஹபினர் இரு நிலையிலும் கழா மட்டும் போதும் என்பர். எவ்வாறாயினும், ஓர் ஆண்மகன் தன் வாழ்நாளில் நோய்க்கும் பயணத்துக்குமாகச் சில நோன்புகளை மட்டும் கழாச் செய்ய, அவன் தாயோ மனைவியோ நூற்றுக்கணக்கான நோன்புகளைக் கழாச் செய்யவேண்டியவளாகின்றாள். இந்த ஏற்றத்தாழ்வை மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

கடனான நோன்பு எஞ்சியிருக்க, விருப்பான ஸுன்னத்து நோன்பை நோற்கலாமா? ஷவ்வாலின் ஆறு நோன்புகள், துல்ஹஜ் 9ஆம் நாளாகிய அறபா நோன்பு, முஹர்றம் 9, 10ஆம் நாட்களின் தாஸூஆ, ஆஷூறா நோன்புகள், திங்கள், வியாழக்கிழமை நோன்புகள், ஒவ்வொரு பிறையிலும் 13, 14, 15ஆம் நாட்களில் நோற்கப்படுபவை என்னும் இவையெல்லாம் ஸுன்னத்தானவை. இவற்றுக்கும் கழாவுக்கும் இடையே முதலிடம் எதற்கு?

அடிப்படைக் கொள்கையில் ஐயமில்லை. ஓர் அடியான் இறைவனை நெருங்குவதற்குரிய வழிகளிலே இறைவனுக்கு மிக விருப்பமானது அவன் விதித்த கடமையே என்றும், அதன்மேல் நபிலான வணக்கங்களால் அடியான் மேலும் மேலும் நெருங்கி இறைவனின் அன்பைப் பெறுகின்றான் என்றும் புகாரியில் பதிவான ஹதீஸ் குத்ஸியொன்று உணர்த்துகின்றது. கடமை அத்திவாரம். நபில் அதன்மேல் எழும் மாடம். மற்றொரு ஹதீஸிலே, நோன்பு கடனாயிருக்க இறந்துபோன தாயைப் பற்றிப் பெருமானாரிடம் கேட்கப்பட்டபொழுது, மனிதருக்குரிய கடனைத் தீர்ப்பது போன்றே இதனைக் கருதுமாறு கூறி, அல்லாஹ்வின் கடனே தீர்க்கப்படுவதற்கு மிக உரிமையுடையது என்று தெளிவுறுத்தினார்கள். கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்கையில் ஊராருக்கு விருந்தளிப்பவனை உலகம் மெச்சாது.

ஆயினும், நடைமுறையில் இதனை எவ்வளவு இறுக்கமாகக் கொள்வது என்பதில் இமாம்கள் வேறுபட்டுள்ளனர். கழாவுக்குரிய காலம் விரிவானது. ஆகவே முன்னதாக நபில் நோன்பு நோற்பதில் வெறுப்பு இல்லை என்பது ஹனபி மத்ஹபின் கருத்து. நோற்கலாம், ஆயினும் அது வெறுக்கத்தக்கது என்பர் மாலிகி மத்ஹபினர். கழா எஞ்சியிருக்க நபில் நோன்பு நோற்பது ஆகாது என்பது ஹன்பலி மத்ஹபின் பிரசித்தமான கூற்று. அம்மத்ஹபிலேயே கூடும் என்னும் மற்றொரு கூற்றும் உண்டு. நம் நாட்டு முஸ்லிம்களுட் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபோ காரணத்தை நோக்கித் தீர்ப்பளிக்கின்றது. தக்க காரணத்தால் விடுபட்டதாயின், கழாவை முற்படுத்துவதே சிறப்பு; நபிலை முற்படுத்தினால் அது செல்லும், ஆயினும் மக்ரூஹ் ஆகும். காரணமின்றி வேண்டுமென்றே விட்டதாயின், தௌபாச் செய்து உடனடியாகக் கழாச் செய்வது கட்டாயம். அதனை ஒதுக்கிவைத்து நபில் நோன்பில் ஈடுபடுவது கூடாது.

இவ்விடத்தில்தான் ஷவ்வாலின் ஆறு நோன்பு தனிச் சிக்கலாக எழுகின்றது. றமழான் நோன்பை நோற்று, அதனைத் தொடர்ந்து ஷவ்வாலில் ஆறு நோன்பும் நோற்பவர் காலமெல்லாம் நோன்பு நோற்றவர் போலாவார் என்னும் கருத்துடைய ஹதீஸை அபூ ஐயூப் அல் அன்ஸாரி (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவுசெய்துள்ளார். ஒரு நன்மைக்குப் பத்து மடங்கு கூலி என்னுங் கணக்கின்படி 30 நோன்புகள் 300 நாட்களுக்கும், 6 நோன்புகள் 60 நாட்களுக்கும் ஈடாகி, ஓர் ஆண்டு நிறைவதாக உலமாக்கள் விளக்குவர். அவ்வாறாயின், றமழானில் ஏழு நாள் தவறவிட்டவர் றமழானை முழுமையாக நோற்றவராவாரா? அவர் முதலில் அந்த ஏழையும் நிறைவு செய்தால்தான் அந்த ஹதீஸின் முழுப்பேற்றை அடையலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஏழு கழாவும் ஆறு ஸுன்னத்தும் சேர்ந்து 13 நோன்புகள். பெருநாள் நீங்கலாக ஷவ்வாலில் 28 அல்லது 29 நாட்கள் உள. எனவே, உடல்வலிமையுள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டும் அம்மாதத்திலேயே அடங்கும். ஆனால் இடையிலே மீண்டும் மாதவிடாய் நாட்கள் வரும் என்பதையும், வீட்டு வேலை குறையாது என்பதையும் எண்ணுங்கால், அது அத்துணை எளிதன்று. பாலூட்டியமையால் முப்பதையும் தவறவிட்டவளுக்கு ஷவ்வாலில் அடங்கவே அடங்காது. அத்தகையோருக்கும் ஷாபிஈ அறிஞர்கள் வழி அடைக்கவில்லை. ஷவ்வால் முழுவதும் கழாவிலேயே கழிந்துவிட்டால், அடுத்துவரும் துல்கஃதாவிலே ஆறு நோன்பையும் நோற்றல் ஸுன்னத்து என்று அவர்கள் கூறியுள்ளனர்.

ஒரே நோன்பில் கழாவையும் ஆறு நோன்பையும் சேர்த்து நிய்யத்து வைக்கலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. பிற்கால ஷாபிஈ அறிஞர்களுட் பெரியோரான இப்னு ஹஜர் அல் ஹைதமி, ஷம்சுத்தீன் றம்லி முதலியோர் இதனை ஆராய்ந்துள்ளனர். பள்ளிவாசலுள் நுழைந்தவர் பர்ழைத் தொழுதாலும் பள்ளிக் காணிக்கைத் தொழுகையின் நன்மை கிடைத்துவிடுவதைப் போல, ஷவ்வாலிலே கழா நோன்பு நோற்பவருக்கும் அம்மாதத்து ஸுன்னத்தின் அடிப்படை நன்மை கிடைக்கும் என்பர். ஆயினும், தனித்தனியே நோற்பவருக்குள்ள நிறைவான பேறு இதற்கு இல்லை என்று றம்லி அவர்கள் எடுத்துரைப்பர். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தல் ஆகாது என்போரும் உளர். எனவே, இயன்றவர் தனித்தனியே நோற்பதும், இயலாதவர் கழாவுக்கென்று நிய்யத்து வைத்து இறைவனின் அருளை எதிர்பார்ப்பதும் பேணுதலான வழியாகும். கடன் தீர்ந்தது என்னும் உறுதியாவது அதில் எஞ்சும்.

கழாவுக்கு எதுவரை தவணை உண்டு? அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள், தம்மீது றமழானின் கழா நோன்புகள் இருக்கும் என்றும், அவற்றை ஷஃபான் மாதத்திலன்றி நிறைவேற்ற இயலாதிருந்தது என்றும் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கின்றோம். பெருமானாரின் இல்லப் பணியே அதற்குக் காரணம் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகின்றார். முஃமின்களின் அன்னையே பத்து மாதங்களுக்கு மேலாகக் காத்திருந்து, அடுத்த றமழானுக்கு முந்திய மாதத்தில் கடனைத் தீர்த்தார்கள் என்பது, வீட்டுப்பணியில் அமிழ்ந்து கிடக்கும் நம் பெண்களுக்கு எத்துணை ஆறுதல்! அதே செய்தி எல்லையையும் காட்டுகின்றது. அடுத்த றமழான் பிறக்குமுன் கடன் தீர்ந்துவிட வேண்டும். தக்க காரணமின்றி அதற்கப்பாலும் பிற்படுத்தினால், கழாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து வீதம் உணவுத் தானியத்தை ஏழைகளுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது ஷாபிஈ முதலிய மூன்று மத்ஹபுகளின் தீர்ப்பு. நம் நாட்டு மத்ரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முஈன் முதலிய நூல்களும் இதனைக் கூறும். முத்து என்பது ஸாஉ என்னும் அளவின் காற்பங்கு. நடுத்தர மனிதரின் இரு கையும் சேர்த்து அள்ளும் அளவெனலாம். நம் நாட்டிலே அது அரிசியாகும். ஹனபி மத்ஹபிலே பிந்தியதற்காகப் பித்யா இல்லை. கழா மட்டுமே உண்டு.

சில நடைமுறைக் குறிப்புகளையும் கூறிவிடுகின்றேன். ஸுன்னத்தான நோன்புக்கு, விடிந்தபின் எதுவும் உண்ணாதிருந்தால், உச்சி சாய்வதற்குள் நிய்யத்து வைத்துக்கொள்ளலாம். கழா நோன்புக்கோ ஸுபுஹுக்கு முன் இரவிலேயே நிய்யத்து வைத்தல் வேண்டும். ஸுன்னத்து நோன்பை இடையில் விட்டுவிடச் சலுகையுண்டு. கழா நோன்பைத் தொடங்கியபின் தக்க காரணமின்றி முறித்தல் கூடாது. கழா நோன்புகளைத் தொடர்ச்சியாக நோற்பது சிறப்பு; பிரித்து நோற்றாலும் நிறைவேறும். கிழமைக்கு ஒன்றாக நோற்பினும் ஆறு கிழமைகளில் ஆறு நோன்பு தீர்ந்துவிடும். இரு பெருநாட்களிலும், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த மூன்று தஷ்ரீக் நாட்களிலும் எந்த நோன்பும் ஆகாது. கணக்கு மறந்துபோனவர், இதற்குமேல் இராது என்று மனம் உறுதிகொள்ளும் தொகை வரை நோற்றல் வேண்டும். எந்த ஆண்டின் எந்த நாளுக்குரியது என்று குறித்துச் சொல்ல வேண்டுவதில்லை. றமழானின் கழா என்னும் எண்ணமே போதும். பகல் குறுகும் காலம் வரட்டும் என்று காத்திருப்பது வடநாடுகளில் வாழ்வோருக்குப் பயன்தரலாம். நம் இலங்கையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரமே. இங்கே காத்திருந்து பெறும் இலாபம் பெரிதன்று.

நேயர்களே, சட்டம் இத்துணை எளிமையாயிருக்க, கழா நோன்புகள் ஆண்டுக்கணக்கில் தேங்குவது ஏன்? றமழான் நோன்பு ஊரோடு சேர்ந்து நோற்கப்படுவது. ஸஹர் நேரத்திலே பக்கீர் பாவாக்கள் ரபான் தட்டி எழுப்புவதும், பள்ளிவாசலிலே கஞ்சி காய்ச்சுவதும், பேரீச்சம்பழத்தைக் கையிலேந்தி எல்லோரும் பாங்கோசைக்குக் காத்திருப்பதும் பசியைப் பாதியாக்கிவிடுகின்றன. ஆறு நோன்புக்கும் ஓரளவு துணை உண்டு. வீட்டில் நால்வர் நோற்பர், அயலவர் நோற்பர். கழா நோன்போ தனி நோன்பு. எழுப்புவார் இல்லை, கேட்பார் இல்லை. அதனை நோற்பவள் தானே எழுந்து தானே உண்டு, காலையில் எல்லோருக்கும் அப்பமும் தேநீரும் ஆயத்தஞ்செய்து, நண்பகலில் சோறாக்கிப் பரிமாறி, மாலையிலே தனியே ஒரு மிடறு நீரால் நோன்பு திறக்கின்றாள். சில வீடுகளில் அவள் நோன்பாளி என்பதே பிறருக்குத் தெரியாது. தெரிந்தால், றமழானில் தான் நோன்பு விட்ட காரணம் பேச்சுக்குரியதாகும் என்று நாணுகின்றாள்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தம் கழாவைப் பற்றி வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஆண்களான அறிவிப்பாளர்கள் அதனைக் கேட்டு, எழுதி, ஓதி, நம் கைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் கூச்சமின்றிக் கற்றதை நாம் கூச்சத்தால் மறைப்பது பொருந்துமா? பருவமெய்திய பெண்பிள்ளைக்கு, கழாக் கணக்கை ஒரு சிறு கொப்பியிலே குறித்துவரும் பழக்கத்தைத் தாய் முதலாண்டிலேயே கற்பித்துவிட்டால், முப்பது ஆண்டின் சுமை ஒருநாளும் திரளாது. ஆண்டுக்கு ஆறு என்பது எளிது. இருநூறு என்பது மலைப்பு.

ஆண்களுக்கும் இதிலே கடமையுண்டு. ஆறு நோன்பு நோற்கும் தந்தை, "உனக்குக் கழா உண்டாயின் முதலில் அதனை நோற்றுக்கொள், அந்நாட்களில் நானும் உன்னுடன் நோற்கின்றேன்" என்று மனைவியிடம் கூறலாம். அவள் கழா நோற்கும் அதே நாளில் அவர் தம் ஸுன்னத்தை நோற்றால் ஒரே ஸஹரும் ஒரே நோன்பு திறப்பும் ஆகிவிடும். வளர்ந்த பிள்ளைகள் அன்றைய அடுப்பு வேலையைத் தாம் ஏற்றுக்கொள்ளலாம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாயிருந்த அபூதர்தா (ரழி) அவர்களிடம், இறைவனுக்கு உரிமை உண்டு, உம்முடலுக்கு உரிமை உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு. ஒவ்வொருவர் உரிமையையும் கொடுத்துவிடும் என்ற கருத்தில் ஸல்மான் (ரழி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பெருமானாரும் அதனை உண்மையென்று ஏற்றார்கள். தாம் நபிலை நோற்கத் தம் வீட்டாரின் உழைப்பைப் பயன்படுத்துவோர், அவ்வீட்டாரின் பர்ழு நிறைவேறவும் துணைநிற்றல் அந்த உரிமையைக் கொடுப்பதன் ஒரு பகுதியன்றோ?

தவணையிருந்தும் தீர்க்காமல் இறந்தவரின் நோன்புக்காக உரித்தாளர் நோன்பு நோற்கலாம் என்று இமாம் நவவி அவர்கள் ஹதீஸின் அடிப்படையிலே தேர்ந்துரைத்துள்ளார். அன்றேல் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து பித்யா கொடுக்கப்படும். தாய் மறைந்தபின் அவளுடைய கணக்கைத் தேடி, எத்தனை நோன்பென்று அறியாது கலங்கும் பிள்ளைகள் பலர். அவள் உயிரோடிருக்கையில் ஒருநாள் ஸஹருக்கு எழுப்பிவிட்டிருந்தால் அக்கலக்கத்திற் சிறிது குறைந்திருக்கும். நமக்கு இன்னும் அந்த நாட்கள் உள.

ஆகவே, அடுத்த ஷவ்வாலில் ஆறு நோன்பைப் பற்றி உசாவும்பொழுது, கழாவைப் பற்றியும் மென்மையாக உசாவுங்கள். ஷவ்வால் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. வரும் திங்களிலோ வியாழனிலோ ஒரு நோன்பைத் தொடங்கலாம். அல்லாஹ் நம் கடன்களை எளிதாக்கி, கடமையையும் அதன்மேலான நபிலையும் ஏற்றுக்கொள்வானாக.